தொங்கல் பிடிக்காத மனிதர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சீப்பு. அவர் தலையில் வாருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கேபிளைத் தலைமுடி போல் ஒழுங்காக வாரி வாரி வந்த பெயர் அது.

ஊரார் அனுப்பும் படம், வாழ்த்து, வாய்ச்சண்டை எல்லாம் வந்து போகிற டேட்டா சென்டரில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. குளிரில் விரல் விறைக்கும். விசிறி இரைச்சலில் காது அடைக்கும். கருவிகள் அடுக்கிய ரேக் என்ற இரும்பு அலமாரிகளுக்கு இடையே பேட்ச் கார்டு என்ற கண்ணாடி இழைக் கேபிளை இணைப்பது மாமா வேலை. அதில் வெளிச்சம் ஒழுங்காகப் போகிறதா என்று கருவி வைத்துச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரே கார்டுக்குள் பன்னிரண்டு கண்ணாடி இழைகள், அத்தனைக்கும் சேர்த்து முனையில் விரல் நகம் அளவுக்கு ஒரு கனெக்டர். நீளம் தொழிற்சாலையிலேயே முடிவாகி வரும். நாம் வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது.

அதனால் விவரமானவர்கள் சற்று நீளமாக வாங்கி, மிச்சத்தைச் சுருட்டி விடுவார்கள். மாமாவுக்கு அந்த மிச்சம்தான் ஜென்மப் பகை. வீட்டில் ஒரு துரும்பையும் அசைக்காத மனிதர், புது ரேக் வரிசைக்கு ஒவ்வொரு கார்டையும் நூல் பிடித்தாற்போல் அளந்து வரவழைத்தார்.

எங்கள் ரேக் கூடத்துக்குத் தலைமைப் பதவி அப்போது காலியாக இருந்தது. அக்கா அந்த நாற்காலியில் மாமாவை உட்கார வைத்து, உறவு முழுக்க போன் போட்டுச் சொல்லியும் முடித்திருந்தாள். நிர்வாகத்துக்குச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. புது வரிசையைப் பார்க்க வாடிக்கையாளர் கம்பெனியின் பெரிய அதிகாரி வருகிறார், அவர் திருப்திப்பட்டால் பதவி மாமாவுக்குத்தான் என்று மேனேஜரும் சொல்லியிருந்தார்.

"மாமா, ரிப்பேருக்கு ரேக்ல இருக்கிற தட்டை டிராயர் மாதிரி வெளியே இழுத்தா கார்டும் கூட வரணுமே. தொங்கலே விடலையே?" என்றேன்.

"யாரு இழுக்கப் போறா? பாத்துட்டுப் போகத்தானே வர்றாங்க. உனக்கு லைட் போகுதா, இல்லையா?"

போனது. குறையே இல்லாமல் போனது. எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி வந்தார். வாயைப் பிளந்தார். போனில் படம் எடுத்தார். மேனேஜருக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. மாமா, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்ணைப் போல் தலை குனிந்து நின்றார்.

"அந்த நடுத்தட்டை இழுத்துக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

அவருடைய கம்பெனியின் லைன்கள் காலையிலேயே அந்தத் தட்டுக்கு மாறி ஓடிக்கொண்டிருந்தன. மாமா கைப்பிடியில் கை வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். இழுத்தால் லைன் போகும். போனால், டெஸ்ட் செய்தவள் யார் என்றுதான் முதல் கேள்வி வரும். அவர் பேசாமல் இருந்தாலே போதும், பழி என் தலையில் விடிந்துவிடும். மனிதர் இழுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

கையை எடுத்துவிட்டார்.

"வராது சார். இழுத்தா உங்க லைன் போயிடும். பாக்க நல்லாருக்கணும்னு நான்தான் அளவைக் குறைச்சிட்டேன்."

பதவி பக்கத்து வரிசைக்காரருக்குப் போனது. அவர் ரேக் காக்கைக் கூடுதான். ஆனால் தட்டு சுண்டு விரலால் தொட்டாலே வெளியே வரும். மாமாவுக்குக் கிடைத்தது, அத்தனை கார்டையும் கழற்றி நீளமானதாக மாற்றும் உத்தரவு.

விஷயத்தைக் கேட்ட அக்கா சாப்பாட்டு மேஜையிலேயே வெடித்தாள்.

"இழுத்துத் தொலைச்சிட்டு, இவ சரியா டெஸ்ட் பண்ணலைன்னு சொல்லியிருக்கலாம்ல? இவளுக்கு என்ன, வேற வேலையா கிடைக்காது? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, இப்போ மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது?"

இவள் என்பது பக்கத்து நாற்காலியில் தட்டும் கையுமாக இருந்த நான்தான். கூடப் பிறந்த பாசம் என்றால் சும்மாவா.

மாமா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அவ டெஸ்ட் சரியாத்தான் இருந்துச்சு," என்றார்.

இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. முதலில் எந்தச் சொந்தக்காரருக்குப் போன் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.