தண்ணீரில்லாமல் தேய்த்த கல்

ஷாஹுல் ஹமீது முப்பத்தொரு வருஷம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அத்தனை வருஷமும் நின்றுகொண்டே, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, ஊரார் வேர்வையில் இடிபட்டுக்கொண்டே கழித்த மனிதர் ஓய்வு பெற்றதும் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டார். உட்கார வேண்டும், யாரும் பேசக் கூடாது. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மூன்றாவது மாடி வீட்டின் கண்ணாடி அடைத்த பால்கனியில், அது அவருக்குக் கிடைத்தது.

சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுதவர் விரலில் அகீக் கல் பதித்த வெள்ளி மோதிரம் இருந்தது. ஈரல் நிறத்தில், உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடிய கல். ஹமீதுக்குத் தொழுகையில் கவனம் போய்விட்டது. அதற்காக அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கல்லை மட்டும் மறக்கவில்லை. அந்த மாதமே சிந்தாதிரிப்பேட்டையில் அலைந்து ஒரு பழைய மோட்டாரும் இரண்டு சாணைக் கல்லும் வாங்கிவந்து மாட்டிவிட்டார். மற்றதைக் கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார்.

குஜராத்திலிருந்து பார்சலில் கரடுமுரடாகக் கல் வரும். அதை வில்லையாக அறுத்து, ஒரு குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுற்றும் சாணையில் பிடித்துத் தேய்க்க வேண்டும். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் புளியங்கொட்டையைப் போல வழவழவென்று குவிந்து வரும். அதற்குக் கேபோஷான் என்று பெயராம். பெயரைச் சொல்லும்போதே மனிதர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். செய்ததில் ஒன்றைக்கூட விற்றதில்லை. ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை, அவரோடு தொழுதவர்கள் விரலில் எல்லாம் அவர் கல்தான் இருக்கிறது.

இதில் பாதி வேலை அவர் மனைவி ஜமீலுன்னிசாவுடையது. அவர் தேய்ப்பார், அவள் எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வாள். சாணையிலிருந்து எடுத்த கல்லைக் குச்சியோடு அவளிடம் நீட்டுவார். அவள் ‘ஃபூ’ என்று ஊதி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

“இடது பக்கம் இன்னும் ஒரு கீறல் கீது. தேய்ங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியலியே?”

“பஸ்ஸுல செல்லாத நோட்டு வாங்கின கண்ணுதானே அது?”

அவள் சொன்ன இடத்தில் கீறல் இருக்கும். ஒரு தடவையும் தப்பியதில்லை. முதன்முதலாக ஒழுங்காக வந்த கல்லை மோதிரமாக்கி அவளுக்குத்தான் போட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர்கள் இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்ததே அந்தப் பால்கனியில்தான். மகள் இஃப்ரா கூட, “கெழவனும் கெழவியும் லவ் பண்ணிக்கினு கீறீங்களா?” என்று கிண்டல் செய்வாள்.

கல்லைத் தேய்க்கும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீடியோக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஹமீதும் ஒரு டப்பாவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக விழ ஏற்பாடு செய்திருந்தார். 2019 கோடை வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கோடையில் ஊரே காய்ந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாரி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. ஜமீலுன்னிசா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக மூன்று மாடி ஏறி வருவாள். அவருக்கு மூட்டு வலி, அவளே தூக்கவிட மாட்டாள். ஒரு நாள் அவள் மூச்சு வாங்க வந்து குடத்தை இறக்கியபோது, இவர் டப்பாவிலிருந்து தண்ணீர் கல் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து டப்பாவைக் கழற்றினார்.

“இன்னாத்துக்குக் கழட்டுறீங்க? சின்ன டப்பாதானே?”

“நீ சொமந்துகினு வர்ற தண்ணிய நான் கல்லு மேல ஊத்துறதா? வாணாம் ஜமீலா.”

அவள் மேல் உள்ள பிரியத்தில்தான் கழற்றினார். நான் அவரைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் இந்த ஓர் இடம் வந்து வாயை அடைத்துவிடுகிறது.

தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளைத் தூசி பறந்தது. கீழ்வீட்டு முத்துலட்சுமி, காயப்போட்ட துணியெல்லாம் சுண்ணாம்பாகிறது என்று சண்டைக்கு வந்தாள். ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். ஹமீது தனக்கு ஒரு மூக்கு மூடி வாங்கிக்கொண்டார். குனிந்து வேலை செய்கிறவனுக்குத்தானே தூசி என்று நினைத்தார். எதிரில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் ஒரு மூக்கு இருக்கிறது என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. அவள் வழக்கம்போல ஊதினாள். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கினாள். அவர் சட்டையை உதறித் துவைத்தாள்.

மழை வந்தது, குழாயிலும் தண்ணீர் வந்தது. டப்பா மட்டும் திரும்ப ஏறவில்லை. ஈரக் கல்லை நொடிக்கொருதரம் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த கல் என்றால் ஒரு ஊதலில் கோடு தெரிந்துவிடுகிறது. ஊதத்தான் ஆள் இருக்கிறதே. இப்படியே ஐந்து வருஷம் போயிற்று.

முதலில் இருமல். பிறகு இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது. பிறகு எடை குறைந்து, மோதிரம் கழன்று விழாமலிருக்க உள்பக்கம் நூல் சுற்றிக்கொண்டாள். தெருமுனை கிளினிக்கில் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முறையாகத்தான் கேட்டார்.

“வீட்டுல யாராவது கல்லு, சிமென்ட், மில்லுன்னு தூசி வேலை பாக்குறீங்களா?”

“நான் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு சார். இவ வீட்டுலதான்” என்றார் ஹமீது.

அவர் பொய் சொல்லவில்லை. வேலை என்றால் அவருக்கு டிக்கெட்டும் விசிலும்தான். கல் அவருக்கு வேலையா? அது சந்தோஷம். சந்தோஷத்தை யாராவது மருத்துவரிடம் போய்ச் சொல்வார்களா?

காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம். இஃப்ரா விடாமல் இழுத்துக்கொண்டுபோய் அடையாறில் கீர்த்தி என்ற நெஞ்சுநோய் மருத்துவரிடம் காட்டினாள். அந்தப் பெண் ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“இது காசநோய் இல்லம்மா. கல்லுத் தூசி உள்ள போய் நுரையீரல் இறுகிப்போயிருக்கு. கல்லு உடைக்கிற இடம் பக்கத்துல குடியிருந்தீங்களா?”

ஜமீலுன்னிசா இருமலுக்கு நடுவே சிரித்தாள். “நாங்க எங்கம்மா கல்லு ஒடைக்கப் போனோம்? இவரு கண்டக்டரு.”

அவள் சிரித்த அந்த நொடியில்தான் ஹமீதுக்கு உறைத்தது. வாயைத் திறந்தார். இஃப்ரா அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

இனிச் சரியாகாது, மேலும் கெடாமல் வேண்டுமானால் காப்பாற்றலாம், தூசிப் பக்கமே போகக் கூடாது என்றாள் கீர்த்தி. ஆட்டோவில் திரும்பும்போது ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிட நினைத்தார். பச்சை விழுந்ததும் அடுத்த சிக்னலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். வீடு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் மிஷினைத் தொடவில்லை. பழைய போர்வை ஒன்றை அதன் மேல் போட்டு மூடினார். அதைத் துடைத்துச் சுத்தம் செய்தால் ஏன் என்று கேட்பாளோ என்று அந்தத் தூசியை அப்படியே விட்டுவைத்தார். கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்கும் துணிவில்லை. பால்கனி வேண்டாம், காற்று ஆகாது என்று மட்டும் சொல்லிவைத்தார். அவளோ ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தபடி வேறு கணக்குப் போட்டாள்.

“என்னாலதானே உங்க கல்லும் போச்சு, இஃப்ரா அத்தா?”

“அதெல்லாம் இல்ல. கை நடுங்குது.”

“மிஷின் சத்தம் கேட்டுக்கினு படுத்தா எனக்கும் பொழுது போவும். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்களேன்.”

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கதவைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது. ஆக்ஸிஜன் குழாய் தரையோடு ஓடி பால்கனிக்குள் போயிருந்தது. ஜமீலுன்னிசா பாயில் உட்கார்ந்திருந்தாள். போர்வையை உதறி மடித்து வைத்திருந்தாள். சாணை, மோட்டார், அடித்தட்டு எல்லாவற்றையும் காய்ந்த துணியால் தட்டித் துடைத்திருந்தாள். மதிய வெயிலில் அறை முழுக்க வெள்ளைப் பொடி மிதந்தது. அவள் புருவத்தில்கூடப் படிந்திருந்தது.

“சுத்தமா ஆக்கிட்டேன். இப்போ ஒக்காருங்க” என்றாள், இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாக. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“எழுந்திரு! அதைத் தொடாதே! அந்தத் தூசிதான்டி உன்னை…” என்று அலறினார். பிறகு நிறுத்த முடியவில்லை. டப்பாவைக் கழற்றியது, ஜன்னலை அடைத்தது, தெருமுனை மருத்துவரிடம் சொன்ன பதில், எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டார்.

மிஷின் அடியிலிருந்து எடுத்திருந்த, பாதி தேய்த்த கல் ஒன்று குச்சியோடு அவள் கையில் இருந்தது.

“கீர்த்தி டாக்டரம்மா கேட்டாங்களே. அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா, இன்னிக்கு இதைத் தொட்டிருக்க மாட்டேனே.”

திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. கல்லின் மேல் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது. பழக்கத்தில் அதை வாயருகே கொண்டுபோனாள். ஊத மூச்சு இல்லை. குச்சியை அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே ஊதிப் பாத்துக்கோங்க” என்றாள்.