ஞாயிறு லீவெடுத்த பெரியப்பா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு, ரெயிலில் நின்றபடி வேலைக்குப் போகும்போது பெரியப்பா போய்விட்டார் என்று செய்தி வந்தது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு அழைப்புகள். பதினொன்றில் ஒரே பேச்சு: "குடுத்து வைச்ச மனுசன். மகன் இஞ்சை எடுத்து வைச்சுப் பாத்தவர்."

பெரியப்பா சிவபாதம் அவர்கள் யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். மகனின் பிள்ளைகளைப் பார்க்க, பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள வில்லியே லே பெல்லுக்கு வந்தார். குளிப்பாட்டினார், சோறூட்டினார், பள்ளிக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று அறிய என்னைப் போல எஞ்சினியரிங் படித்திருக்கத் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

வந்த சில மாதங்களில் அறிவித்தார்: "ஞாயிறு எனக்கு லீவு."

"சும்மாதானே இருக்கிறியள், அப்பா. உங்களுக்கென்ன லீவு?" என்றார் அண்ணை, அவருடைய மகன்.

"சும்மா இருக்கிறவனுக்கும் கிழமையில ஒரு நாள் இருக்கு, தம்பி. உங்கட பிரான்சுச் சட்டம்."

அன்று முதல் ஞாயிறுதோறும் பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல். லூயி-பிளாங் தெருவில் ஒரு தேநீர்க்கடையின் பின்மேசையில் சீட்டு. ஆள் குறைந்தால் என்னை இருத்துவார். தோற்றால், "எஞ்சினியராம்! துரும்பு எதெண்டு தெரியேல்லை." அண்ணி அவரைப் பொறுப்பில்லாதவர் என்றார். அவர் என்னிடம் சொன்னது வேறு: "ஞாயிறு வெளிய வந்தால்தான் மோனை, திங்கள் பேரப்பிள்ளையள் இனிக்கும்."

எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்தார்கள். அண்ணை மைக்கைக் கொடுத்தார். "எங்களைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ, அப்பா."

"மகனுக்கு நன்றி. மருமகளுக்கு நன்றி. எனக்கும் ஆராவது சொல்லுறதெண்டால் சொல்லலாம்."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி காத்து நின்றார். பிறகு புரியாணி வந்தது. எல்லோரும் தட்டெடுக்கப் போய்விட்டார்கள்.

நேற்று, பெரியப்பாவின் நினைவு மலருக்கான 'நன்றி நவிலல்' பக்கத்தை அண்ணை அனுப்பினார். கணினி தெரிந்தவன் என்று பக்கம் அமைக்கும் வேலை எனக்கு. மலர்வளையம் வைத்தவர்களுக்கு நன்றி. தொலைபேசியில் துயர் பகிர்ந்தவர்களுக்கு நன்றி. மண்டபக்காரருக்கு நன்றி, சமைத்த கடைக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு இல்லை. கேட்டேன்.

"விசரா, செத்தவருக்கு ஆரடா நன்றி சொல்லுறது?"

உயிரோடு மைக்கைப் பிடித்து நின்றவருக்குத்தான் சொல்லியிருக்கலாமே.

இனி நான் செய்யப்போவது:

1. அந்தப் பக்கத்தின் முதல் நன்றி பெரியப்பாவுக்கு. அண்ணையிடம் அனுமதி கேட்கமாட்டேன்.
2. அச்சகத்துக்கு நானே கொண்டுபோவேன். மலர் கைக்கு வந்தபிறகு அவர் கத்தட்டும்.
3. ஞாயிறு உங்கள் கதிரையில் இருந்து சீட்டாடுவேன், பெரியப்பா. தோற்பேன். நீங்கள் லீவிலேயே இருங்கள்.