அஞ்சு குறை அக்கா

கறுப்புத் துண்டைத் தலையோடு போர்த்தி, மேஜைமேல் இருந்த லேப்டாப்பையும் அதற்குள் இழுத்துக்கொண்டு அக்கா குனிந்திருக்கிறார். வெளியே தெரிவது இரண்டு முழங்கைகளும், கொண்டையில் குத்திய பென்சிலால் துண்டில் எழும்பி நிற்கும் ஒரு கூர்முனையும்தான். எதிரே, விற்க வந்தவர் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நிமிடம் கழித்து உள்ளேயிருந்து குரல் வருகிறது. "ஸ்கிரீன்ல வலது பக்கம் மேல ஒரு புள்ளி செத்துப்போச்சு. கடுகு அளவுதான். ஆனா செத்துப்போச்சு."

"அதெல்லாம் யார் கண்ணுக்குங்க தெரியப்போகுது?"

"என் கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சே."

துண்டு விலகுகிறது. கொண்டையிலிருந்து பென்சில் உருவப்பட்டு, மஞ்சள் சீட்டில் முதல் குறை ஏறுகிறது. இன்னும் நான்கு பாக்கி. அஞ்சு தேறாமல் அக்கா விலை சொல்லமாட்டார். "பழைய மிஷின்ல அஞ்சு குறையாவது இருக்கும். இல்லன்னா நாம சரியாப் பாக்கலன்னு அர்த்தம்" என்பது அவர் கணக்கு. கடைக்குப் பலகையில் ஒரு பெயர் இருக்கிறது. அது யாருக்கும் நினைவில்லை. 'அஞ்சு குறை அக்கா கடை' என்று கேட்டால் தெருமுனையிலேயே கை காட்டிவிடுவார்கள்.

பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், பைண்டிங், விண்ணப்பம் நிரப்பித் தருதல். இரண்டு கடைக்கும் நடுவே இருப்பது இடுப்பளவு பிளைவுட் தடுப்பு. ஒன்பது வருஷமாக நான் என் வேலையைப் பார்த்ததைவிட அவர் வேலையைப் பார்த்ததுதான் அதிகம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து 'அக்கா' தவிர வேறு எதுவும் வாயில் வராது.

மூடியை ஒற்றை விரலால் பாதி திறந்து விட்டுவிடுவார். அது அப்படியே நின்றால் கீல் நல்ல கீல். அடிப்பக்கத்தில் காதை வைத்து விசிறியின் மூச்சைக் கேட்பார். விசைகளை இடது மூலையிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வருவார். உதடு மட்டும் அசையும். அப்போது யார் கூப்பிட்டாலும், வீட்டுக்காரரே கூப்பிட்டாலும், பதில் கிடையாது. மாத்திரை டப்பாவில் சின்னச் சின்ன ஸ்க்ரூடிரைவர்கள், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி. இவ்வளவுதான் மூலதனம். இதோடு பென்சிலையும் சேர்க்க வேண்டும். அதை அவர் எவருக்கும் இரவல் தரமாட்டார். நான் ஒன்பது வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "நீங்க பேனா விக்கிற ஆளு. என்கிட்ட எதுக்குப் பென்சில்?" என்பார்.

விலை போடுவதிலும் ஒளிவுமறைவு கிடையாது. அதே வேலையைச் செய்யும் புது மிஷின் இன்றைக்கு என்ன விலை என்று பார்ப்பார். வயசுக்குக் கழிப்பார். பிறகு ஒவ்வொரு குறைக்கும், அதைச் சரிசெய்ய என்ன ஆகுமோ அதைக் கழிப்பார். சரிசெய்யவே முடியாத குறைக்கு இரட்டிப்பு. விற்கும்போது அதன்மேல் அவர் கூலி இரண்டாயிரம். அதுவும் சீட்டிலேயே இருக்கும். "நான் இதை எவ்வளவு குடுத்து வாங்கினேன் தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்தால் ஒரே பதில்தான். "அது உங்க கதை. மிஷினுக்கு அது தெரியாது."

அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்து, "ஆறாயிரம் கிடைக்குமா ஆன்ட்டி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது. அக்கா எல்லாம் பார்த்துவிட்டு ஒன்பது என்றார். அந்தப் பெண்ணுக்குப் பயம் வந்துவிட்டது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று லேப்டாப்பை அணைத்துக்கொண்டு எதிரே பெரிய கடைக்கு ஓடியது. அரைமணியில் திரும்பி வந்து, லேப்டாப்பை மேஜைமேல் வைத்தது. "என்ன சொன்னாங்க?" என்றார் அக்கா. "அஞ்சரை." "ம். தண்ணி குடிக்கிறியா?"

போன மாதம் என் லேப்டாப்பையே அவரிடம் விற்றேன். பக்கத்துக் கடை, ஒன்பது வருஷப் பழக்கம், எத்தனை ரசீது இலவசமாக அடித்துக் கொடுத்திருப்பேன் என்ற தைரியத்தில் இருபத்தைந்து கேட்டேன். கறுப்புத் துண்டு, காது, விரல், உதடு, எல்லாம் நடந்தது. கீல் தளர்ச்சி, மூடியில் கீறல், ஒரு யுஎஸ்பி துளை வேலை செய்யவில்லை, கேமரா மங்கல், ஓரத்தில் ஒரு திருகாணி இல்லை. பதினேழு என்றார். மூக்குடைந்து வாங்கிக்கொண்டேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி. ஆறாவதாக ஒன்று இருந்தது. அதை அவர் கண்டுபிடிக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மிஷின் இரண்டு மணி நேரம் ஓடிச் சூடானால் ஏழாம் எண் இரண்டு தடவை விழும். ஏழு பிரதி கேட்டவருக்கு எழுபத்தேழு பிரதி அடித்து, எழுபது தாளைக் கிழித்துப் போட்டவன் நான். ஆறிய மிஷினில் அது தெரியாது. அஞ்சு குறை அக்காவையே ஏமாற்றிவிட்டோம் என்று இரண்டு வாரம் விசில் அடித்துக்கொண்டு திரிந்தேன். கேவலம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகுதான் பாப்பா வந்தார்.

பாப்பா என்றால் அக்காவின் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. நாற்பத்திரண்டு வயது, பத்தாவது படிக்கும் மகள், ஆனாலும் குடும்பத்தில் பாப்பாதான். பதினோரு வருஷம் வேலை பார்த்த ஃபர்னிச்சர் கடையை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வேலை இல்லை. வீட்டில் இருப்பது தாயும் மகளும் மட்டும். அண்ணன் ஒருமுறை மளிகைச் சாமான் வாங்கி அனுப்பினார். பாப்பா அன்று சாயங்காலமே அதற்கான பணத்தைக் கொண்டுவந்து அண்ணன் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போய்விட்டாராம். இப்போது ஒரு ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகள் நிரப்பித் தரும் படிவங்களை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ஆரம்பம். சொந்த லேப்டாப் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை.

"எல்லாருக்கும் போடுற விலையப் போடுங்க அண்ணி" என்று வியாழக்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணன்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மதியம் வந்தவர், "சும்மா குடுத்துடேன்" என்றார்.

"சும்மா குடுத்தா வாங்கிக்குவாளா உங்க தங்கச்சி? அவளை எனக்குத் தெரியாதா?"

அன்று மாலை அக்கா எடுத்து வைத்தது என் பழைய மிஷினை. சீட்டு எழுதும்போது தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஏழு குறைகள். ஆறாவது, பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். ஏழாவது, இடது ஸ்பீக்கர் கேட்காது. விலை பத்தொன்பதிலிருந்து பதினாலுக்கு இறங்கியிருந்தது.

"அக்கா, பேட்டரி என்கிட்ட நாலு மணி நேரம் நின்னுச்சே?"

"உங்க ஜெராக்ஸ் மிஷின்ல பேப்பர் சிக்கியிருக்கு. போய்ப் பாருங்க."

சிக்கவில்லை. ஆனால் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்த மஞ்சள் சீட்டில் ஒரு பொய் ஏறி நான் பார்த்ததில்லை. அதுவும் விலையைக் குறைக்க, தனக்கே நஷ்டமாக. எனக்கு அன்று அவர்மேல் எவ்வளவு மரியாதை வந்ததோ, அவ்வளவு பயமும் வந்தது. நாளைக்கு யாராவது 'அக்கா சீட்டுலயும் பொய் இருக்கு' என்று சொன்னால், அந்தக் கடையில் மிச்சம் இருப்பது ஒரு கறுப்புத் துண்டுதானே.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பாப்பா வந்தார். சீட்டை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கிறேன் அண்ணி" என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, என் கடையில் விண்ணப்பம் நிரப்பும் மேஜையில் உட்கார்ந்தார். சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் பழகுவதற்கென்று கொடுத்திருந்த மாதிரிப் படிவங்களை விரித்து அடிக்கத் தொடங்கினார். பெயர், வயது, தொலைபேசி எண். என்ன வேகம்! பார்த்தால் எட்டு மாதம் சும்மா இருந்த கை மாதிரியே இல்லை.

பதினொரு மணிக்கு அக்கா தடுப்புக்கு மேலாகக் கேட்டார். "சார்ஜர் வேணுமா பாப்பா?"

"வேணாம் அண்ணி. இன்னும் நிக்குது."

பன்னிரண்டுக்கு மறுபடியும் கேட்டார். பன்னிரண்டரைக்கும் கேட்டார். இன்னும் நிக்குது, இன்னும் நிக்குது. அதற்குள் அக்கா ஒரே லேப்டாப்பை மூன்று தடவை துடைத்துவிட்டார். நடுவில் பாப்பா, மகள் அனுப்பிய குரல் செய்தி ஒன்றை ஓடவிட்டு, முதலில் வலது பக்கமும் பிறகு இடது பக்கமும் காதை வைத்துக் கேட்டார். "அம்மா, வாங்கிட்டியா?" என்று இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. எனக்கே கேட்டது.

ஒன்றரைக்குப் பாப்பா எழுந்தார். மிஷினையும் சீட்டையும் அக்கா முன்னால் வைத்தார்.

"அண்ணி, ரெண்டு குறையைக் காணோம்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஊர்ல வேற கடை இல்லாமலா இங்க வந்தேன்? உங்க சீட்டுல இருக்கிறது நிஜம்னு வந்தேன்." பாப்பா குரலை உயர்த்தவில்லை. "எட்டு மாசமா என்னைப் பாத்தா எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கிட்டுப் பேசுறாங்க. நீங்க ஒருத்தர்தான் அண்ணி எப்பவும் போலப் பேசுனீங்க. இப்ப நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

நான் ஸ்டேப்ளரில் பின் போடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"தப்புதான்" என்றார் அக்கா. ஒன்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. பென்சிலை உருவி, ஆறையும் ஏழையும் அடித்தார். பதினாலை அடித்துப் பத்தொன்பது என்று எழுதினார்.

"இன்னும் முடியல அண்ணி. நீங்க எழுதாதது ஒண்ணு இருக்கு."

"இருக்காது." இந்த முறை அது பழைய அக்கா.

"பதினோரு மணிக்கு அப்புறம் ஏழு ரெண்டு தடவை விழுது. ஏழு வயசுப் பிள்ளையை எழுபத்தேழு வயசுக் கிழவனாக்கிருச்சு. நல்லவேளை, எல்லா வரியையும் திரும்பப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு."

அக்கா அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தார். ஏழை அழுத்தினார். எழுபத்தேழு. மறுபடி அழுத்தினார். எழுபத்தேழு. பிறகு மெதுவாகத் திரும்பி, தடுப்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதைவிட இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

"தெரியும்" என்றேன். அசடு வழிந்தது எனக்கே தெரிந்தது. "என்ன ஆகும் அந்தக் குறைக்கு?"

"ஆயிரத்தைந்நூறு."

போய் என் மேஜை டிராயரைத் திறந்து எடுத்துவந்து வைத்தேன். பரவாயில்லை, இருக்கட்டும் என்றெல்லாம் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

அக்கா சீட்டை மறுபக்கமாகத் திருப்பி நாத்தனார் முன்னால் தள்ளினார். கூடவே பென்சிலையும் நீட்டினார். "நீ கண்டுபிடிச்சது. நீயே எழுது."

பாப்பா எழுதினார். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, சற்றே வலப்பக்கம் சாய்ந்தது. 'ஆறு: சூடேறினால் ஏழு இரட்டிக்கும்.' விலையையும் அவரே போட்டார். பதினேழாயிரத்து ஐந்நூறு. அக்கா தலையை ஆட்டினார். பாப்பா கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்துப் பணத்தை வைத்தார். உறை காலியாகவில்லை. அதை அண்ணி பார்க்கும்படி நிதானமாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "ஏழாம் நம்பர் விசையைத் திங்கட்கிழமைக்குள்ள மாத்திக்கிறேன். எங்க மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க, பணம் நான் குடுத்துக்கிறேன்."

"இங்கதான். நாளைக்குக் கொண்டா. எல்லார்கிட்டயும் வாங்குறதுதான் உன்கிட்டயும்."

அதற்குத்தான் பாப்பா சிரித்தார். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால், விரல் நடுவே இருந்த பென்சிலை யோசிக்காமல் தன் கொண்டையிலேயே குத்திக்கொண்டு, "வரேன் அண்ணி" என்று படியிறங்கினார்.

அடுத்து ஒருவர் வந்து உட்கார்ந்தார், மடியில் ஒரு பழைய லேப்டாப்போடு. அக்கா மஞ்சள் சீட்டுக் கட்டை முன்னால் இழுத்தார். கை வழக்கம்போலக் கொண்டைக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். பாப்பா இன்னும் முக்குத் திரும்பவில்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கொண்டையில் பென்சில் நிமிர்ந்து நின்றது. முக்குத் திரும்பும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிராயரைத் திறந்து புதுப் பென்சில் ஒன்றை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.