ஆறாவது பாட்டு

கனடாவின் ஸ்காபரோவில் தமிழில் ஒரு புத்தகம் வெளியானால் அதைப் பற்றி மேடையில் யார் பேசுவார் என்று கேட்பவர் ஊருக்குப் புதியவராக இருக்க வேண்டும். தியாகலிங்கம்தான் பேசுவார். கவிதைத் தொகுதி, கதைத் தொகுதி, சமையல் குறிப்பு, யாரோ ஐரோப்பா சுற்றி வந்த கதை, ஒருமுறை சர்க்கரை வியாதிக்காரருக்கான கையேடு என்று இருபத்தாறு வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுரைகள் நிகழ்த்தியிருக்கிறார். ஒன்றிலும் குறை சொன்னதில்லை. ஒன்றிலும் பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டியதுமில்லை. இந்த இரண்டு குணமும் ஒருசேர அமைந்த மனிதர் இலேசில் கிடைக்கமாட்டார் என்பதால் சனி, ஞாயிறுகளில் அவருக்கு நல்ல கிராக்கி.

புத்தகங்களை அவர் முழுதாக வாசித்தார் என்று சொல்ல முடியாது. முன்னுரையை வாசிப்பார். கடைசிப் பக்கத்தை வாசிப்பார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அதிலிருந்து இரண்டு வரியை எடுத்து, 'இங்கேதான் ஆசிரியர் நம்மை நிறுத்தி வைக்கிறார்' என்பார். மண்டபம் கைதட்டும். அவருடைய மனைவி முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலைக்குப் போகிறவர். ஆகவே தியாகலிங்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் வீட்டில் தேட ஆளில்லை.

கிழமை நாட்களில் அவர் வேறு ஆள். அஜின்கோர்ட்டில் வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருஷமாகப் பரிசோதகர். பிறேக்குக்குப் போகும் உள்ளங்கையளவு இரும்புத் துண்டு ஒன்று அவர் மேசைக்கு வரும். அவர் கையிலிருக்கும் அளவுகோலின் ஒரு முனை அதன் துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போனால் துண்டு சிவப்புப் பெட்டிக்குள் விழும். அந்த மேசையில் அவரிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. மனேஜரே வந்து நின்று தலையைச் சொறிந்தாலும் சிவப்புப் பெட்டிக்குள் போனது திரும்பி வராது. 'தியா பார்த்துவிட்டாரா?' என்று கேட்ட பிறகுதான் லொறி புறப்படும்.

மனைவி ஒருநாள் இதைக் கேட்டேவிட்டார். வேலையில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிற மனிதர், மேடையில் ஏன் கண்டதையெல்லாம் தூக்கிப் பிடிக்கிறார்?

"பிறேக் பிழைச்சால் ஆள் சாகும்," என்றார் தியாகலிங்கம். "கவிதை பிழைச்சால் ஆர் சாகிறது?"

பதில் அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. அதை வைத்துக்கொண்டு பல வருஷம் நிம்மதியாக இருந்தார்.

அப்படியிருந்தவருக்குப் போன ஒக்ரோபரில் தங்கை தவமணி போன் எடுத்தாள். தவமணியின் ஒரே மகள் சாம்பவி. பார்மசிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடிக் கடையில் பகலில் வேலை, பின்னேரங்களில் மோர்னிங்சைட் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்றில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு இசை. அவர்கள் வாசிப்பதற்கு ப்ரோக்ரெசிவ் மெற்றல் என்று பெயர். பாட்டுகள் நீளமாக இருக்கும், நடுவழியில் தாளம் மாறும், கிற்றார்கள் இடிக்கும், பாட வேண்டிய இடத்தில் சிலவேளை உறுமுவார்கள். ஐந்து வருஷமாக அந்த இடி முழக்கத்தை மேல்மாடியிலிருந்து தாங்கியவள் தவமணி. இப்போது எட்டுப் பாட்டுகளோடு ஓர் அல்பம் முடிந்திருந்தது. தாங்கியதற்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. முறையான வெளியீட்டு விழா, மண்டபத்தில், மங்கள விளக்கேற்றி, சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூப்பிட்டு.

"அண்ணை, ஆய்வுரை நீங்கள்தான்," என்றாள் தவமணி. "படிப்பை விட்டவள் எண்டு அஞ்சு வருஷமாக் கதைக்கிற சனம் முழுக்க வரும். அவையின்ர வாய் அடைபடுற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லிவிடுங்கோ. உங்களுக்கு உது பெரிய வேலையில்லையே."

பெரிய வேலையில்லைதான். தியாகலிங்கம் அன்றைக்கே மனதுக்குள் முதல் நான்கு வசனங்களை அடுக்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சாம்பவி மில்லிக்கனில் இருந்த அவருடைய வீட்டுக்கு வந்தாள். கையில் ஓர் இறுவட்டு. இந்தக் காலத்தில் எல்லாம் போனிலேயே கேட்கலாம். ஆனால் மேடையில் கைமாற்ற ஒரு பொருள் வேண்டுமே என்று தவமணி நின்ற நிலையில் நின்று நூறு சீடி அடிப்பித்திருந்தாள். மட்டையில் ஒரு படிக்கட்டு கீழே இறங்கியது. அல்பத்தின் பெயரே 'பேஸ்மென்ற்'. குழுவின் பெயர் 'சோல்ற் ட்றக்', பனிக்கு உப்பு எறிகிற வண்டி.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு சாம்பவி சொன்னாள்: "மாமா, கோவிக்காதேங்கோ. நீங்கள் பேச வேண்டாம் எண்டுதான் நான் அம்மாவுக்குச் சொன்னனான்."

அவருக்குச் சுருக்கென்றது. "ஏன் பிள்ளை?"

"நீங்கள் எல்லாத்தையும் நல்லம் எண்டுதான் சொல்லுவியள். பேர் மட்டும்தான் மாறும். லைக், அதை வச்சு எனக்கு ஒண்டும் தெரியவராது."

"மேடையில பிழை சொல்லுறதே பிள்ளை? அது மரியாதையில்லை."

"பக்டரியில சொல்லுறியள்தானே? நான் அங்க ஒரு சமர் லீவுக்கு ரெண்டு மாசம் வேலை செய்தனான், மறந்திட்டியளோ? ஒருநாள் ஒரு லோட் முழுக்கத் திருப்பி அனுப்பினியள். மனேஜர் வந்து கத்தினார். நீங்கள் நிமிர்ந்தும் பாக்கேல்லை." அவள் இறுவட்டை அவர் கையில் வைத்தாள். "அந்த ஆள் வந்து பேசுறதெண்டால் பேசட்டும். மற்ற ஆள் வேண்டாம்."

அவள் போன பிறகு தியாகலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்னப் பெட்டை, கண்ணாடிக் கடையில் நிற்பவள், நூறு மேடை கண்ட மனிதரை வாசலில் வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத்தான் விழாவுக்கு அழைத்திருக்கிறாள். கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், அவள் சொன்னதில் பொய் எது என்று தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

வீட்டில் சீடி போட ஒன்றுமில்லை. அவருடைய பழைய கொறோலாவில் இருந்தது. ஆகவே வேலைக்குப் போகும் வழியில்தான் 'பேஸ்மென்ற்' ஓடியது. முதல் நாள் பின்ச் தெரு வருவதற்கு முன்னரே நிறுத்திவிட்டார். காரில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தார். இரண்டாம் நாள் முதல் பாட்டு முழுதும் கேட்டார், தலையிடித்தது. மூன்றாம் நாள் தவமணிக்குப் போன் எடுத்து, உள்ளே உறுமுகிற பொடியன் யார், தொண்டைக்கு ஏதும் ஆகிவிடாதா என்று விசாரித்தார்.

"பொடியனோ? அது சாம்பவி, அண்ணை."

அதற்குப் பிறகு அந்த உறுமலை அவர் வேறு மாதிரிக் கேட்டார்.

இசை அவருக்குத் தெரியாது. இயந்திரம் தெரியும். தொழிற்சாலையில் பத்து அழுத்த இயந்திரங்கள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது ஒன்று அரை நொடி பிந்தினால் மேசையில் இருந்தபடியே அவர் தலை திரும்பும். அந்தக் காதோடு கேட்கத் தொடங்கியபோது பாட்டுகள் மெல்லத் திறந்தன. ஸ்ரியரிங்கில் விரலால் எண்ணினார். முதற் பாட்டு ஏழு ஏழாகப் போனது. மூன்றாவதில் கிற்றார் ஐந்து எண்ண, ட்றம்ஸ் நான்கு எண்ண, இரண்டும் ஒன்றையொன்று தேடி இருபதாவது அடியில் சந்தித்தன. சந்தித்த இடத்தில் தியாகலிங்கம் சிவப்பு விளக்கில் தனியே சிரித்தார். ட்றம்ஸ் அடிக்கிற பொடியன் யூட்சன் அரை நொடிகூடப் பிந்தவில்லை.

ஐந்தாவது மூன்று நிமிஷப் பாட்டு. இடியில்லை, ஒரு கிற்றாரும் சாம்பவியின் சொந்தக் குரலும் மட்டும். கடைசியில் எல்லாம் ஓய்ந்தபின் ஒரு 'டப்', அதன் பிறகு நீண்ட இரைச்சல். பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பற்றுகிற சத்தம். கனடாவுக்கு வந்த புதிதில் நான்கு வருஷம், ஐந்து ஆம்பிளைகளோடு, அந்த மாதிரி ஓர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்தவர் அவர். அந்தச் சத்தத்துக்கு விழித்து, அந்தச் சத்தத்துக்கே திரும்பத் தூங்கியவர். அது ஒரு பாட்டில் வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு வேலைக்கு நான்கு நிமிஷம் பிந்திப் போனார். இருபத்துமூன்று வருஷத்தில் முதற் தடவை.

ஆறாவது பதினொரு நிமிஷம். அது நன்றாகத் தொடங்கி, நான்காம் நிமிஷத்தில் முடிய வேண்டிய இடத்துக்கு வந்து, முடியாமல் போய்க்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய எக்ஸிற்றைத் தவறவிட்டவர், அடுத்ததில் இறங்கலாம், அடுத்ததில் இறங்கலாம் என்று நெடுஞ்சாலையிலேயே ஓடுவது போல. விரல்கள் வேகமாக ஓடின, ஓடுவது மட்டுமே வேலையாக. ஒன்பது தடவை கேட்டார். தனக்குப் புரியவில்லையோ என்று கேட்டார், நித்திரைக் குறைவோ என்று கேட்டார், மருமகள் என்ற பாசத்தோடும் கேட்டார். ஒன்பதாம் தடவையும் அளவுகோலின் மறுமுனை துளைக்குள் போயிற்று.

விழா ஒரு ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு. விளக்கேற்றினார்கள். மௌன அஞ்சலி, கனடா தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து. கறுப்பு ரீசேட் போட்ட நால்வரும் அதற்கெல்லாம் நல்ல பிள்ளைகளாகக் கைகட்டி நின்றார்கள். தலைமை கவிஞர் குலசிங்கம். அவருடைய பதினொரு தொகுதிகளுக்கும் ஆய்வுரை தியாகலிங்கம்தான்; பன்னிரண்டாவது அடுத்த மாதம் வர இருந்தது. முன்வரிசையில் தவமணி புதுச் சேலையோடு, வாய் அடைபட வேண்டிய சனத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

தியாகலிங்கத்தின் சட்டைப் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பழைய வழக்கப்படி பத்து நிமிஷத்தில் எழுதியது. தவமணியின் முகத்தைப் பார்த்தார், பழைய தாளைத் தொட்டார். மேடை ஓரத்தில் சாம்பவி அவரைப் பார்க்கவேயில்லை; நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள்போல நின்றாள். அந்த நிலை அவரைச் சுட்டது. மற்றத் தாளை எடுத்தார்.

ஏழு ஏழாக எண்ணும் முதற் பாட்டைச் சொன்னார். மேசையில் தட்டியும் காட்டினார். மூன்றாவதில் இரண்டு தாளமும் சந்திக்கும் இடத்தைச் சொன்னார். ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல வந்தவர், 'அந்த ஃபேர்னஸ் சத்தம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். சனம் வழக்கம்போலத் தலையாட்டியது. ஆய்வுரை என்றால் இப்படித்தான் போகும்.

"ஆறாவது பாட்டு சரியில்லை," என்றார்.

தலைகள் நின்றன.

"நாலு நிமிஷத்தில முடிஞ்ச பாட்டு அது. மிச்சம் ஏழு நிமிஷமும் கெட்டித்தனம் காட்டுறதுக்கு வச்சது. நான் ஒன்பது தரம் கேட்டனான். என்ர மேசைக்கு வந்திருந்தால் அது சிவப்புப் பெட்டிக்குள்ளதான் போயிருக்கும்." தாளை மடித்தார். "மற்ற ஏழும் லொறியில ஏறலாம்."

யாரோ ஒருவர் மட்டும் கைதட்டத் தொடங்கி, தனியே தட்டுவதை உணர்ந்து நிறுத்தினார். தவமணியின் முகத்தில் ஈயாடவில்லை. குலசிங்கம் மைக்கைப் பிடித்து, 'தியாகலிங்கம் அவர்கள் நகைச்சுவையாகவும் பேசுவார்' என்று சமாளித்துவிட்டு ஏற்புரைக்கு அவசரப்பட்டார்.

தேநீர் நேரத்தில் தவமணி நேரே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இருபத்தாறு வருஷமா ஊரானுக்கெல்லாம் நல்லம் சொன்ன வாய். என்ர பிள்ளைக்கு வரேக்கைதான் பிழை தெரிஞ்சுதோ, அண்ணை?"

அவள் கேட்டது நியாயம். எந்த விழாவிலும் மிஞ்சிய ரோல்ஸ் பலகாரத்தில் அவருக்கென்று ஒரு பார்சல் கட்டுகிறவள், அன்றைக்குக் கட்டவில்லை. தட்டோடு நின்ற குலசிங்கம், அடுத்த மாத நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, பேச்சாளர் பட்டியலில் சில மாற்றங்கள் இருக்கலாம் என்று வேறு யாருக்கோ சொல்வதுபோல இவருக்குச் சொன்னார். முன்வரிசைக் கதிரை தன்னைவிட்டுப் போவதை தியாகலிங்கம் நின்று பார்த்தார். அது போவது வலிக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வலித்தது.

கார் தரிப்பிடத்தில் சாம்பவி ட்றம்ஸ் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நிறுத்தினாள்.

"மற்றதெல்லாம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து எழுதினது," என்றாள். "ஆறாவது நான் தனிய."

"எனக்குத் தெரியாது, பிள்ளை."

"யூட்சன் வெட்டச் சொன்னவன். நான்தான் விடேல்லை." கையிலிருந்த பெட்டியை நிலத்தில் வைத்தாள். பிறகு, "அப்ப மற்ற ஏழும்?" என்றாள்.

"மேடையில சொன்னனான்தானே. நல்லது."

"உண்மையா?"

நூற்றுக்கு மேற்பட்ட புத்தகம். அத்தனை ஆசிரியர்களும் மேடையிலிருந்து இறங்கி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட இந்த ஒரு சொல்லை அவரிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உண்மை," என்றார்.

சாம்பவி அப்படியே ட்றம்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. நாற்பது பேர் அன்றைக்கு அவளிடம் 'சூப்பர் பிள்ளை' என்று சொல்லியிருந்தார்கள். அவர் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் எழும்பும்வரை பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கார் விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியது. ஆறாவது பாட்டு. அது அவள் தனியே எழுதியது என்று இப்போது தெரியும். அவர் அதைத் தாண்டிப் போகவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்து, பதினொரு நிமிஷமும் கேட்டார்.

பத்தாவது தடவையும் சரியில்லை.