மேனுஜா தோற்ற அத்தியாயம்

எனக்கு மூத்தவள், என் ராத்தா அஸ்பியா, பனி விழுகிற ஊரைக் கண்டதில்லை. நிந்தவூரை விட்டால் கல்முனை, கல்முனையை விட்டால் நிந்தவூர், அவ்வளவுதான் அவளுடைய போக்குவரத்து. ஆனாலும் பனிச்சறுக்கு நடனப் போட்டிக்குப் போகிற ஒரு சிறுமியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதினாள். சோறு வடித்துவிட்டு, அடுப்படியில் குந்திக்கொண்டு, கைபேசியிலேயே எழுதினாள். "ஒங்களுக்கு வேற வேல இல்லியா ராத்தா?" என்று நான் ஏசுவேன். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் மகள் றிபாவுக்கு வாசித்துக் காட்டுவாள். கதையில் வருகிற மேனுஜா, கத்தி வைத்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு பனித்தளத்தில் சுழன்று ஆடுவாள். பனித்தளம் கரையாதிருக்க இரவில் உமி கொட்டி மூடுவார்கள், விடிந்ததும் கூட்டி எடுப்பார்கள் என்று ராத்தா எழுதியிருந்தாள். எந்த நாட்டில் அப்படி நடக்கிறது? ராத்தாவின் புருஷன் சாலிஹ் மச்சான் வேலை செய்கிற ஐஸ் வாடியில் நடக்கிறது. மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டிகளை அங்கே உமியால் மூடித்தான் அடுக்கி வைப்பார்கள். அவளுக்குத் தெரிந்த ஐஸ் அதுதான்.

றிபா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், எழுதியது உம்மா. ஒரு நாள் வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், அவர் லொறிக்கு ஐஸ் ஏற்றுகிற நேரம் பார்த்து, உமியை விலக்கிவிட்டு ஒரு கட்டியின் மேல் ஏறிச் சுழன்றிருக்கிறாள். பக்கத்து அடுக்குச் சரிந்து அவள் பாதத்தில் விழுந்தது.

நொறுங்கிய காலில் கிருமி ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பிள்ளை அழுதபோது, ராத்தா ஆறுதலுக்கென்று புதிதாக ஓர் அத்தியாயம் எழுதி வாசித்தாள். மேனுஜா விழுகிறாள், கால் சுகமாகிறது, எழும்பி ஆடுகிறாள். மறுநாள் றிபாவின் விரல்கள் கறுத்துவிட்டன. பாதத்தை எடுக்காவிட்டால் பிள்ளையே இல்லை, பின்னேரத்துக்குள் சம்மதம் வேண்டும் என்று டாக்டர் மச்சானிடம் சொல்லிவிட்டார்.

றிபா விடவில்லை. சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள்.

"மேனுஜாக்குச் சொகமானதானே? எனக்கும் சொகமாகும். கையெழுத்துப் போட்டா ஒங்களோட கதைக்கவே மாட்டன் வாப்பா."

மச்சான் பேனையைப் பிடித்தபடி நின்று அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்தாவை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஒங்கட கததான் புள்ளய மவுத்தாக்கப் போகுது. நீங்களே போய் மாத்துங்க."

"யா அல்லாஹ், எழும்பி ஆடினவள நான் எப்பிடிப் புள்ள திரும்ப விழுத்துற? அவள் என்ன நம்பித்தானே கெடக்காள்," என்றாள். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கைபேசியை எடுக்கவில்லை.

"நேத்து வாசிச்ச அத்தியாயம் பொய் மகள். நீ அழக் கூடாது எண்டு எழுதின. மேனுஜாட கால் சொகமாகல்ல. எடுத்துட்டாங்க."

"அப்ப போட்டி?"

"போகல்ல."

றிபா உம்மாவின் முகத்தையே பார்த்தாள். "அப்ப அவள் தோத்துட்டாளா உம்மா?"

இல்லை என்று சொல்லிவிடு ராத்தா என்று எனக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. எழுதுகிறவளுக்கு ஒரு வரி போதும், வேறு எப்படியாவது வெல்ல வைத்துவிடலாம். அவள் வைக்கவில்லை.

"ஓம் மகள். தோத்துட்டாள்."

பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"வாப்பாவக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "அவள் மட்டும் தனியத் தோக்க ஏலாதுதானே."