பலராமன் விழாத படம்

வில்லியனூர்க் கடைத்தெருவில் ஏகநாதன் மதித்த ஆள் ஒருவர்கூட இல்லை. மளிகைக்கடை நடத்திய சொந்த அண்ணன்மாரைப் புளிமூட்டைகள் என்பார். அவருடைய போட்டோ ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் மூக்கைச் சொறியாமல் உட்காரத் தெரியாத ஜென்மங்கள். ரோல் பிலிம்காரர்களைப் போட்டோகிராபர் என்று அவர் வாய் சொன்னதே இல்லை. அவரிடம் இருந்தது, படத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஷீட் பிலிம் செருகும் பெரிய மரக் கேமரா.

எழுபத்திரண்டாம் வருஷம் பாகூர் அரிசி ஆலை முதலாளி பலராமன் கூப்பிட்டனுப்பினார். ஆலையின் உட்புறம் முழுக்கத் தெரிய, நடுவில் தான் நிற்க, ஒரு படம் வேண்டுமாம். உள்ளே ஒரே ஒரு ஜன்னல். மற்றதெல்லாம் தூசும் இருட்டும். ஃப்ளாஷ் அடிப்பது கல்யாண வீட்டுக் கோமாளித்தனம் என்று ஏகநாதன் அதைத் தொடுவதில்லை.

முதலில் ஆளில்லாமல், வெளிச்சம் அளக்கும் மீட்டர் காட்டிய நேரத்துக்கு லென்ஸ் மூடியைத் திறந்துவைத்து எடுத்தார். கழுவினால் நெகட்டிவில் ஜன்னலைத் தவிர ஒன்றுமில்லை. "முட்டாள்" என்று தன்னையும் விடாமல் திட்டினார். மங்கிய வெளிச்சத்தில் நேரம் நீள நீளப் பிலிம் சோம்பிப்போகிறது; மீட்டர் சொல்வதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளையாக வெந்துபோகிறது. அதற்குப் பிலிமை டெவலப்பர் கரைசலிலிருந்து முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். நாலைந்து பிலிம் பாழான பிறகே இரண்டும் கைக்கு வந்தன.

பலராமன் ஜிப்பா மாட்டிக்கொண்டு வந்தார்.

"மூடி போடற வரைக்கும் அசையக்கூடாது முதலாளி. ரொம்ப நேரம் ஆவும்."

"நிக்கறதுல இன்னாபா கஷ்டம்? என் ஆலையில எனக்கு நிக்கத் தெரியாதா?"

மூடியை எடுத்ததுமே, "டேய், மூட்டைய எங்கடா வெக்கிற!" என்று கத்திக்கொண்டு நகர்ந்தார். வந்தார், நின்றார், மறுபடி போனார். ஏகநாதன் தடுக்கவில்லை. 'திரியட்டும் கழுதை' என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் தூண், எந்திரம், பெல்ட்டின் தையல் எல்லாம் துல்லியம். பலராமன் நின்ற இடத்தில் புகைபோல ஒரு கறை. மூலையில் முறத்தோடு சாய்ந்திருந்த கூலிக்காரி வேலம்மாள் மட்டும் முகச்சுருக்கம் வரை தெளிவாக விழுந்திருந்தாள்.

"தவுடு புடைக்கறவ இருக்கா, நான் எங்கபா?"

"நின்னாதான இருப்பீங்க."

படம் பறந்துபோய் உமியில் விழுந்தது. பலராமன் வேறொருவனைப் பிடித்து ஃப்ளாஷில் எடுத்துக்கொண்டார். மாவு பூசியதுபோல வெளுத்த முகம், பின்னால் கும்மிருட்டு. அதைச் சட்டம் போட்டு மாட்டினார் என்று கேட்டு ஏகநாதன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

விஷயம் தெரிந்து வேலம்மாள் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"முறம் நல்லா வந்துகீதுங்க. என்னியதான் கெழவியாக்கிட்டீங்க."

ஏகநாதன் பிரதி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல அசையாம இருக்கத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான்" என்றார் மனைவி சுலோசனாவிடம்.

"உங்களுக்காவவா அசையாம இருந்தா? அலுப்புல தூங்கிட்டிருந்திருப்பா."

"உனக்கு இன்னா தெரியும்" என்று முணுமுணுத்தபடி ஏகநாதன் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.