முட்டைக்கோழித் தீவனமும் என் மகனும்

பிறந்த நாலாம் நாள் என் மகன் குடித்த தாய்ப்பாலையெல்லாம் கக்கினான். "அப்பனைப் போலவே வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை" என்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று நான்தான் முதல் ஜோக்கை அடித்தேன். மறுநாள் அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளானது. அதற்கடுத்த நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அதன்பிறகு ஜோக் எதுவும் வரவில்லை.

நாமக்கல்லிலிருந்து சேலத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் கேலக்டோசீமியா என்றார்கள் (பாலிலுள்ள ஒரு சர்க்கரையைச் சிதைக்கும் நொதி உடலில் இல்லாத பிறவிக் குறை). தாய்ப்பால், பசும்பால், சாதாரணப் பால்பவுடர் எல்லாமே அவன் கல்லீரலுக்கு விஷம்.

"இன்னையிலிருந்து சோயா பால்பவுடர் மட்டும்தான்" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி கலையரசி, பால் கட்டிய வலியோடு சேலையை இழுத்துப் போர்த்தியபடி தலையசைத்தாள். நான் 'சோயா' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. சோயாப் புண்ணாக்கு தின்றுதான் என் கோழிகள் முட்டை இடுகின்றன. அதையே என் பையனுக்கும் கொடுக்கச் சொல்கிறார்களே!

கொடுத்தோம். மஞ்சள் இறங்கியது. முகத்தில் களை வந்தது. வீட்டுக்கு வந்தோம். அவன் நோய் அடங்கியதும் என் மூளைக்கு நோய் பிடித்தது.

கைப்பேசியில் தேடினேன். சோயாவில் தாவர ஈஸ்ட்ரோஜன் (பெண்மைச் சுரப்பைப் போல உடலில் நடிக்கக்கூடிய தாவரப் பொருள்) உண்டாம். பச்சிளம் வயதில் அது ஆண் உடலுக்குள் போனால் பிற்காலத்தில் விந்தணு குறையுமா என்று எலிகளை வைத்து ஆராய்கிறார்களாம். 'இருக்கலாம்', 'தெரியவில்லை' என்ற சொற்களையெல்லாம் என் விரல் தாண்டிப் போனது. மேச்சேரியில் ஆடு வளர்க்கும் மைத்துனனைக் கூப்பிட்டேன். எரிகிற தீயில் அவன் எண்ணெய் ஊற்றினான்.

"குதிரைமசாலுத் தழையைத் தீனியா ரொம்பப் போட்டா ஆடு சரியா சினை நிக்காதுங்க மாமா. அதுலயும் இந்தச் சமாச்சாரந்தான் இருக்குதுன்னு மாட்டு டாக்டர் சொன்னாருங்க."

இந்தப் பயத்துக்கு வேர் ஒன்று உண்டு. விந்தணு குறைவு என்று தீர்ப்பு வாங்கியவன் நான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் சின்ன டப்பாவும் கையுமாக ஆய்வகப் படியேறினேன். குறை என்னிடம். விசேஷ வீடுகளில் கேள்வி மட்டும் கலையரசியிடம். நாற்பத்தைந்தாம் வயதில் கிடைத்த மகனுக்கு அந்த டப்பாவையா சொத்தாக எழுதி வைப்பது?

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. கோழிக்குத் தீவனத்தை ஒரேயடியாக மாற்றமாட்டோம். பழையதோடு புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கலந்து பழக்குவோம். அந்த அறிவு எனக்குள் விழித்துக்கொண்டது. பசும்பாலுக்கும் இவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டால் சோயாவைக் குறைத்துவிடலாமே!

ஒரு மத்தியானம் கலையரசி குளிக்கப் போயிருந்தாள். முக்கால் பங்கு சோயா, கால் பங்கு பசும்பால். பாட்டிலை அவன் வாயில் வைத்தேன். ஈரத் தலையோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க, பால் வாசம் வருது?"

"சோயாதான் கலை."

பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தாள். "கொழந்தை வாயில என்னத்தை ஊத்துனீங்க?"

"கால் பங்குதான். பழக்கலாம்னு…"

"பழக்கறதுக்கு இவனென்ன உங்க பண்ணைக் கோழியா? மொதல்ல எம்பையன் உசுரோட இருக்கட்டுமுங்க. பேரன் பேத்திக் கணக்கை அப்பறம் பாக்கலாம்!"

எத்தனை வாய் விழுங்கினான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சேலம் போய்ச் சேரும்வரை கார் பின்சீட்டில் அவள் அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள்வரை படுக்கவைத்துக் கவனித்தார்கள். நான் அவன் இமையை விலக்கி விலக்கி, கண்ணின் வெள்ளை மஞ்சளாகாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். "சார், கண்ணை விடுங்க. தூங்கட்டும்" என்று நர்ஸ் அதட்டினார்.

கல்லீரல் தப்பியது. டாக்டரம்மா என்னைத் திட்டி முடித்த பிறகு, கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"எலி, குரங்குகிட்ட சில மாற்றம் பாத்திருக்காங்க சார். சின்ன வயசுல சோயா குடிச்சு வளந்த மனுஷங்ககிட்ட இதுவரைக்கும் பெரிய குறை எதுவும் தெரியல. ஆனா எல்லாம் ஆராய்ஞ்சு முடிச்சாச்சுன்னு நான் சொல்லமாட்டேன்."

"அப்ப உறுதி இல்லீங்களா?"

"உறுதியா நடக்கறது பால் குடுத்தாத்தான். மொதல்ல கல்லீரல் போகும். அப்பறம் கண்ணு, மூளை, உயிரு."

இதே பவுடர் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கைப்பேசியை நோண்டும் தகப்பன்மாரே, பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பயத்தை மருத்துவரிடம் கொட்டுங்கள். பாட்டிலில் கொட்டாதீர்கள்.

குஞ்சாக இறக்கிய கோழி ஒன்றரை வருடத்தில் முட்டை ஓய்ந்து லாரி ஏறிவிடும். என் வாழ்வில் எந்தக் கேள்விக்கும் அதற்குள் பதில் வந்துவிடும். இவனுடைய பதில் வரும்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும். அதுவரை இந்த உடம்பு ஓட வேண்டுமே என்று சாயங்கால போண்டாவை நிறுத்தியிருக்கிறேன். ஆய்வக டப்பாவில் குறைந்த எண்ணிக்கையை வைத்தே வருடக்கணக்காகத் திட்டிய உடம்புதான். இப்போது அதனிடம் கெஞ்சுகிறேன்.

"பெரியவனாகி, கல்யாணமே வேண்டாம்னுட்டான்னா?" என்றேன் கலையரசியிடம்.

"அதுக்கும் இப்பவே பயந்து வெச்சுக்குங்க" என்றவள், அன்றைக்குப் பிறகு என்னைத் தொடவிடாத பாட்டிலை முதல்முறையாக என் கையில் கொடுத்தாள். "கலக்குங்க. நான் பாத்துக்கிட்டே நிக்கறேன்."

தண்ணீரை அளந்து, பவுடரைக் கரண்டியில் தலைதட்டிப் போட்டேன். அவள் முகர்ந்து பார்த்துத் தலையசைத்தாள். அவன் என் மடியில் படுத்து முழுக்கக் குடித்தான். குடித்து முடித்ததும் மூத்திரம் பெய்து என் சட்டையை நனைத்தான். அவள் மாற்றுத்துணி எடுக்கப் போனாள். நான் ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.